நூற்றுப்பத்து வர வேண்டும்

மே 8, திங்கள்

என் மகள் மங்கை பெங்களூரிலிருந்து உத்தரவு போட்டுவிட்டாள். இனிமேல் என் ஆஸ்பத்திரிப் புலம்பலை அவள் போனில் கேட்க மாட்டாளாம். டைரி எழுது, முன்னப்பின்ன தெரியாத ஆளிடம் சொல்வது போல விளக்கமாக எழுது, கோபம் தன்னால் தணிந்துவிடும் என்கிறாள். ஜனவரியில் மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி சும்மாதான் கிடக்கிறது. எழுதிப் பார்ப்போம், யார் குடி முழுகப் போகிறது.

பெயர் பிரமநாயகி. ஆஸ்பத்திரியில் பிரமு. வயது நாற்பத்தெட்டு. பாளையங்கோட்டையில் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பவள், பத்தொன்பது வருஷ சர்வீஸ். வீட்டுக்காரர் ஆவுடையப்பன், பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அவர் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவார் என்று மட்டும் சொல்ல மாட்டார்.

திங்கட்கிழமை எனக்குப் பனிக்குடுவை நாள். அது ஒரு பிளாஸ்டிக் ஜாடி. நடுவில் சுத்தமான தண்ணீர் அடைத்த குழாய். ஜாடி நிறைய நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் போட்டு ஒரு மணி நேரம் வைத்தால் குழாய்த் தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரிக்கு வந்துவிடும். ஜாடியை நோயாளி மாதிரி மெஷினுக்குள் படுக்க வைத்து ஸ்கேன் எடுக்க வேண்டும். தண்ணீர் எவ்வளவு தாராளமாக நகர்கிறது என்று மெஷின் ஓர் எண் சொல்லும். பூஜ்ஜியம் டிகிரித் தண்ணீருக்கு உலகம் முழுக்க அந்த எண் நூற்றுப்பத்து. புள்ளியெல்லாம் தள்ளி நாங்கள் அப்படித்தான் பேசுவோம். எங்கள் மெஷினும் நூற்றுப்பத்து என்றால் அந்த வாரம் அது உண்மை பேசுகிறது என்று அர்த்தம்.

இது எதற்கு என்றால், கட்டிக்குள் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும்போது நீர் நகர இடம் இருக்காது, எண் குறைவாக வரும். மருந்து வேலை செய்து செல்கள் சாகச் சாக இடம் விட்டு எண் ஏறும். கட்டி சுருங்குவது கண்ணுக்குத் தெரியும் முன்பே எண் சொல்லிவிடும். மார்புப் புற்றுக்கு இதை வைத்து எட்டு ஆஸ்பத்திரிகள் சேர்ந்து ஓர் ஆராய்ச்சி நடத்துகின்றன. எட்டில் எங்கள் பனிக்குடுவை அட்டவணைதான் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல இருக்கிறது என்று பாராட்டுக் கடிதம் வந்தது. எங்கள் ஸ்கேன் பிரிவுத் தலைவர் டாக்டர் ஹெப்சிபா அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். பதினான்கு மாதமாக என் கையில் நூற்றுப்பத்து தவறியதில்லை. நம் ஊர் வெயிலுக்கு ஐஸ் தாங்குமா என்று கேட்பவர்களுக்கு, என்னிடம் ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. குல்ஃபிக்காரர் செய்வது போல இரண்டு பிடி கல்லுப்பு. ஐஸ் கிண்ணென்று குளிரும்.

இப்படி ஒழுங்காக இருக்கும் மெஷினை நோண்டுவதற்கு நாளை மறுநாள் கம்பெனி எஞ்சினியர் வருகிறார். அதுதான் கோபம். எழுதியும் தணியவில்லை, மங்கையிடம் சொல்ல வேண்டும்.

மே 10, புதன்

எஞ்சினியர் பெயர் நிஜாமுதீன். சொந்த ஊர் மேலப்பாளையம், வேலை மதுரையில். முன்பு வந்துகொண்டிருந்தவர் கம்பெனியை விட்டுவிட்டாராம், இனி இவர்தானாம். நன்றாகத்தான் பேசினார், வடை வாங்கிக் கொடுத்தேன்.

மெஷினுக்குள் காந்தப் புலத்தை ஒரு பக்கமாகச் சரிக்கும் சுருள்கள் உண்டு. அவற்றின் பலத்தைப் பார்க்க அவர் ஓர் உருண்டை கொண்டுவந்திருந்தார். குறுக்களவு இருநூறு மில்லிமீட்டர். எங்கள் மெஷின் அதை இருநூற்று ஐந்து என்று காட்டியதாம். சுருளுக்குப் பலம் கூடிப்போய்விட்டது என்று சொல்லி, சாயங்காலம் வரை உட்கார்ந்து குறைத்து, இருநூறுக்குக் கொண்டுவந்தார். "இனிமே ஒழுங்கா சொல்லும்க்கா" என்றார். இத்தனை நாள் என்ன ஒழுங்கில்லாமல் சொன்னதாம்? அவர் கொடுத்த ரிப்போர்ட்டைப் படிக்காமல் கோப்பில் சொருகினேன்.

வீட்டில் மிக்ஸியும் படுத்துவிட்டது. வீட்டுக்காரர் கடையில் கொடுத்திருக்கிறார்.

மே 15, திங்கள்

நூற்று நான்கு.

திரும்ப எடுத்தேன். நூற்று நான்கு. ஜூஸ் கடையில் வேறு ஐஸ் வாங்கி, புதிதாக உப்புப் போட்டு, இன்னொரு மணி நேரம் காத்திருந்து எடுத்தேன். அதே நூற்று நான்கு. பத்தொன்பது வருஷத்தில் எனக்கு இப்படி வயிறு எரிந்ததில்லை. நன்றாக இருந்த மெஷினைக் கெடுத்துவிட்டுப் போய்விட்டார் அந்த மனிதர்.

போன் போட்டுக் கேட்டேன். அவர் கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. "உருண்டைய அளந்துட்டுத்தான்க்கா கெளம்புனேன். மெஷின் சரியா இருக்கு. உங்க ஐஸ ஒரு தடவ பாருங்க" என்கிறார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் ஐஸையாம்! மெஷினைப் பழையபடி மாற்றி வைத்துக் கொடுங்கள் என்றேன். டாக்டர் கையெழுத்துப் போட்ட கடிதம் இல்லாமல் தொட முடியாது என்றார். சரி, கடிதம்தானே? உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதிவிட்டேன்.

டாக்டர் ஹெப்சிபா படித்துப் பார்த்தார். அடுத்த திங்களும் இதே எண் வந்தால் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். அதுவரைக்கும் ரிஜிஸ்டரில் நூற்று நான்கைப் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்.

மே 16, செவ்வாய்

மிக்ஸி வரவில்லை. அம்மியில் அரைத்தேன். கோபத்துக்கு அம்மி ரொம்ப நல்லது, துவையல் வெண்ணெய் மாதிரி வந்தது. இவர் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டு, அந்த எஞ்சினியர் மாதம் ஒரு முறை வரட்டும் என்றார்.

மே 22, திங்கள்

காலை ஏழு மணிக்கே ரஞ்சிதம் டீச்சர் வந்துவிட்டார். மார்பில் கட்டி. ஏப்ரல் முதல் வாரம் மருந்து தொடங்கும் முன் ஒரு ஸ்கேன் எடுத்தோம், இன்று இரண்டாவது. மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுப்பவர். முடியெல்லாம் கொட்டி, தலையில் பூப்போட்ட துணி கட்டியிருந்தார். ஆள் மட்டும் அதே மிடுக்கு. முதல் ஸ்கேனுக்கு வந்தபோது, மெஷின் போடும் சத்தத்துக்கு ஒன்று இரண்டு என்று எண்ணி, மொத்தம் எத்தனை தட்டு என்று எனக்கே சொன்னவர்.

நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஜாடியில் ஐஸ் நிரப்பிக்கொண்டிருந்தேன். டீச்சர் எட்டிப் பார்த்து, உப்பு எதற்கு என்று கேட்டார். நல்லாக் குளிரும் டீச்சர் என்றேன்.

"ஆமா, பூஜ்ஜியத்துக்குக் கீழ போயிரும்லா" என்றார். "வருஷா வருஷம் பிள்ளேளுக்குச் செஞ்சு காட்டுவேன். ஐஸ்ல உப்பு போட்டதும் தெர்மாமீட்டர் மைனஸுக்கு இறங்கும். எல்லாம் கை தட்டும்."

அவர் சும்மா பேச்சுக்குச் சொன்னதுதான். நானும் ஆமாம் என்றுவிட்டு அவருக்கு மாற்றுத் துணி எடுக்கப் போனேன். ஜாடியை எடுத்தேன், நூற்று நான்கு. பிறகு டீச்சரை எடுத்தேன். படம் தெளிவாக வந்தது, கொஞ்சமும் அசையாமல் படுப்பவர்.

மதியம் சாப்பாட்டு நேரத்தில், ஆள் இல்லாதபோது, வேறு ஐஸ் வாங்கி வந்து உப்பில்லாமல் ஒரு முறை எடுத்தேன்.

நூற்றுப்பத்து.

ஆகவே மெஷின் நன்றாக இருக்கிறது. போன வாரம் ஐஸ்தான் சரியில்லை. பென்சில் எழுத்தை அழித்துவிட்டு இரண்டு வாரத்துக்கும் நூற்றுப்பத்து என்று பேனாவில் எழுதினேன். டாக்டரிடம் போய் கடிதம் வேண்டாம், சரியாகிவிட்டது என்று சொல்லி வாங்கிக் கிழித்தேன். உங்களுக்கு ஐஸ்கூட அடங்கிப் போகுதே பிரமு என்று டாக்டர் சிரித்தார். இனி உப்பு வேண்டாம், அவ்வளவுதான் விஷயம். ரிஜிஸ்டரைத் திருப்பிப் பார்த்தால் போன வருஷம் மார்ச்சிலிருந்து ஒரே கோடாக நூற்றுப்பத்து. அழகாக இருக்கிறது.

மே 23, செவ்வாய்

மிக்ஸி வந்துவிட்டது. தேங்காய்ப்பால் எடுத்துச் சொதி வைத்து, இஞ்சிப் பச்சடி செய்தேன். எல்லாம் நல்லபடியாகப் போகிறது. இவர் மட்டும், ஏன் இரண்டு நாளாக எஞ்சினியரைத் திட்டவே இல்லை என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். மனுஷி நிம்மதியாக இருந்தாலும் குற்றம்.

மே 26, வெள்ளி

டாக்டர் ஹெப்சிபா ரஞ்சிதம் டீச்சரின் இரண்டு ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஏப்ரலில் கட்டியின் எண் தொண்ணூற்று எட்டு. இப்போது நூற்று மூன்று. ஐந்து சதவீதம்தான் ஏற்றம். பத்து ஏறினால்தான் மருந்து பிடிக்கிறது என்று கணக்கு. கட்டியின் அளவிலும் பெரிய மாற்றம் இல்லை. அடுத்த வியாழன் எல்லா டாக்டர்களும் கூடிப் பேசுவார்கள். மருந்தை நிறுத்திவிட்டு மார்பை முழுதாக எடுத்துவிடலாம் என்ற முடிவுக்கு வருவார்கள் போலத் தெரிகிறது. மருந்து பிடித்திருந்தால் அதையே தொடர்ந்து கொடுத்து, கட்டியைச் சுருக்கி, கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம்.

டாக்டர் என்னிடம் ஒன்று கேட்டார். ஏப்ரல் முதல் வாரம் மெஷின் எப்படி இருந்தது?

நூற்றுப்பத்து டாக்டர் என்றேன். ரிஜிஸ்டரில் அப்படித்தானே இருக்கிறது.

மே 28, ஞாயிறு

ஒன்றுமில்லை. தலைவலி.

மே 30, செவ்வாய்

ரஞ்சிதம் டீச்சர் வந்தார். டாக்டர் முன்கூட்டியே கூப்பிட்டுப் பேசியிருக்கிறார், எடுக்க வேண்டி வரலாம், மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள் என்று. என்னிடம் ஸ்கேன் குறுந்தகடு வாங்க வந்தவர், நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டாராம். அவர் தோட்டத்துப் பக்கம் போய் நின்றுகொண்டு வெகுநேரம் உள்ளே வரவில்லையாம். டீச்சர்தான் போய்க் கூட்டி வந்தாராம்.

"நான் டாக்டர்ட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்" என்றார். "அதுக்கப்புறம் கைய ஒசத்திப் போர்டுல எழுத முடியுமான்னு."

தகட்டை உறையில் போட்டுக் கொடுத்தேன். உறையின் மேல் பெயரைத் தப்பாக எழுதி, இரண்டாவது உறை எடுக்க வேண்டியிருந்தது.

இப்போது சாயங்காலம் ஐந்தரை. என் வீட்டுக்காரர் இன்னும் வரவில்லை. இது என் டைரி, இதில்கூட நான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தால் என்னைவிட வெட்கங்கெட்டவள் கிடையாது. எழுதிவிடுகிறேன்.

போன வருஷம் மார்ச்சில் பழைய எஞ்சினியர் வந்து மெஷினில் ஏதோ சர்க்யூட் பலகை மாற்றினார். அதற்கு அடுத்த திங்கள் நூற்றுப் பதினாறு வந்தது. அதற்கடுத்த திங்களும் அதே, இரண்டையும் பென்சிலில்தான் எழுதினேன். தண்ணீர் சூடாக இருந்தால் எண் ஏறும். வெளியே வெயில் நெருப்பாக அடித்துக்கொண்டிருந்தது. ஐஸ்தான் குளிர்ச்சி பற்றாமல் இருக்கிறது என்று நானே முடிவு கட்டினேன். தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்திருக்க வேண்டும், படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டமே இருக்கிறது. தெர்மாமீட்டர் அந்தப் பொங்கலுக்கே உடைந்துபோயிருந்தது. ஐஸ் என்றால் பூஜ்ஜியம்தானே, இதற்கு எதற்குத் தெர்மாமீட்டர் என்று கட்டத்தில் 0 என்று எழுதிக்கொண்டிருந்தேன். இன்று வரைக்கும் அப்படித்தான் எழுதுகிறேன்.

ஒரு பிடி உப்புப் போட்டேன். நூற்றுப் பதின்மூன்று. இரண்டாவது பிடி போட்டேன். நூற்றுப்பத்து வந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் ஞாபகம் இருக்கிறது, கேசரி கிண்டினேன். உப்புப் போட்டால் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதானே போட்டேன். ரஞ்சிதம் டீச்சர் எனக்குப் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை.

மெஷின் அன்றைக்கே கூடுதலாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. பனிக்குடுவை அதை என்னிடம் முறையாகச் சொன்னது. நான் அதன் வாயை உப்பால் அடைத்தேன். நிஜாமுதீன் வந்து மெஷினைத் திருத்தியதும் என் உப்பு தனியாகத் தெரிந்தது. உப்பை நிறுத்தினால் மறுபடி நூற்றுப்பத்து. முன்னும் நூற்றுப்பத்து, பின்னும் நூற்றுப்பத்து. ரிஜிஸ்டரைப் பார்க்கிற யாருக்கும் எதுவும் தெரியாது. டீச்சரின் ஏப்ரல் எண் தொண்ணூற்று எட்டு இல்லை என்பதும் தெரியாது.

நூற்றுப் பதினாறுக்கு நூற்றுப்பத்து என்றால், தொண்ணூற்று எட்டுக்கு எவ்வளவு? தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்று மூன்றிலிருந்து நூற்று மூன்று. பத்து சதவீதத்துக்கு மேலே.

இதை எட்டு நாளாக நான் மனசுக்குள் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். தலைவலி என்று எழுதினேன்.

மே 31, புதன்

வண்ணார்பேட்டையில் ஆய்வகச் சாமான் விற்கும் கடை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். எட்டரைக்கே போய் வாசலில் நின்றேன். தெர்மாமீட்டர் இரண்டு வாங்கினேன், ஒன்று பொய் சொன்னால் இன்னொன்று சொல்லட்டும் என்று.

டாக்டர் ஹெப்சிபாவிடம், ஒரு மணி நேரம் என்னோடு இருங்கள் என்று மட்டும் கேட்டேன். இந்த ஆஸ்பத்திரியில் அவரும் நானும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள், என்றைக்கும் நான் அப்படிக் கேட்டதில்லை. வந்தார். உப்பில்லாத ஐஸ் ஜாடியை முதலில் வைத்தேன். தெர்மாமீட்டர் பூஜ்ஜியம், மெஷின் நூற்றுப்பத்து. பிறகு அவர் கண்முன்னாலேயே இரண்டு பிடி உப்பைப் போட்டேன். தெர்மாமீட்டர் ஒன்றரைக்கும் கீழே இறங்கியது, மைனஸில். மெஷின் நூற்று நான்கு. அதன் பிறகு நேற்று இங்கே எழுதியதை ஒன்றுவிடாமல் சொன்னேன். பென்சில் அழித்ததையும் சொன்னேன். போன வெள்ளிக்கிழமை அவர் கேட்டபோது நான் சொன்ன பதிலையும் சொன்னேன்.

கோப்பிலிருந்து நிஜாமுதீனின் ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுத்தேன். நானும் அப்போதுதான் முதல்முறையாகப் படித்தேன். திருத்தும் முன் இருநூற்று ஐந்து, திருத்திய பின் இருநூறு. சுருளின் பலம் இரண்டரை சதவீதம் கூடியிருந்தால் எங்கள் எண் அதில் இரண்டு மடங்கு, ஐந்து சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே கூடும். கணக்கு அப்படியே பொருந்தியது.

டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "எத்தன பேரு பிரமு?" என்றார்.

அறுபத்தோரு பேர் என்றேன். ராத்திரியெல்லாம் மனசுக்குள் எண்ணி வைத்திருந்தேன்.

எழுந்து போய்ச் சுவரில் இருந்த பாராட்டுக் கடிதத்தைச் சட்டத்தோடு கழற்றி, முகம் சுவர்ப்பக்கம் இருக்கும்படி தரையில் சாய்த்து வைத்தார். ஆராய்ச்சிக் குழுவுக்கு அவரே எழுதுவதாகச் சொன்னார். இனி மூன்று மாதத்துக்கு ரிஜிஸ்டரில் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவர் கையெழுத்தும் இருக்க வேண்டுமாம். வேலையை விட்டே போகச் சொல்வார் என்று டிபன் பாக்ஸையெல்லாம் பையில் எடுத்து வைத்திருந்தேன், திரும்ப மேசையில் வைத்தேன்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டார். "பஸ் லேட்டுன்னா லேட்டுன்னுதான்ட்டி எழுதணும்" என்றார். தோசை வார்க்க எழுந்து போனார். அவர் வார்க்கும் தோசை இலங்கை வரைபடம் மாதிரி இருக்கும். நான்கு சாப்பிட்டேன். எட்டு நாளுக்குப் பிறகு நல்ல பசி.

ஜூன் 1, வியாழன்

டாக்டர்கள் கூடினார்கள். மருந்து பிடிக்கிறது, தொடரலாம் என்று முடிவு. ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு ஸ்கேன்.

மாடிப்படியில் நின்று அழுதேன். லிஃப்ட் இருக்கும்போது படியில் யாரும் வர மாட்டார்கள்.

ஜூன் 2, வெள்ளி

நல்ல செய்தியை டாக்டர் சொன்னார். என் செய்தியை நானே சொல்கிறேன் என்று கேட்டு வாங்கியிருந்தேன். டீச்சர் டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்தார், வீட்டுக்காரரும் கூட. இரண்டு பேர் முகத்திலும் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் போய் நான் நின்று, ஏப்ரல் எண் தப்பாக வந்ததற்கு மெஷினும் காரணம், மெஷினின் தப்பைப் பதினான்கு மாதம் உப்புப் போட்டு மறைத்த நானும் காரணம் என்று சொன்னேன். நீங்கள் உப்பைப் பற்றிச் சொன்ன அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இருந்தும் எட்டு நாள் வாயைத் திறக்கவில்லை என்றும் சொன்னேன்.

அவர் வீட்டுக்காரருக்குப் பாதி புரியவில்லை. டீச்சருக்கு எல்லாம் புரிந்தது. முகம் மாறுவதை நான் நின்று பார்த்தேன், பார்க்கத்தானே வேண்டும்.

"எடுக்க வேண்டி வரும்னு டாக்டர் சொன்னதுலருந்து நான் கண்ணாடி பாக்கல தெரியுமா" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். டீச்சர் கைப்பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார்.

"எனக்கு உங்க மேல கோவம் இருக்கு. அது இருக்கட்டும், நான் பாத்துக்கிடுதேன். ஆனா ஆகஸ்ட்ல நீங்கதான் எடுக்கணும். வேற ஆளக் கொண்டாந்து நிப்பாட்டிராதீங்க."

ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஜூன் 5, திங்கள்

தெர்மாமீட்டர்: பூஜ்ஜியம், பூஜ்ஜியம். எண்: நூற்றுப் பதினொன்று. நூற்றுப் பதினொன்று என்றே எழுதினேன். டாக்டர் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

நிஜாமுதீனுக்கு போன் போட்டு, நீங்கள்தான் சரி என்றேன். அப்படிச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அவர், அடுத்த முறை வடையோடு சட்னியும் வேண்டும் என்றார்.

ஜூன் 19, திங்கள்

அறுபத்தோரு பேரின் எண்ணையும் திருத்தி முடித்தாயிற்று. பெரும்பாலானவர்களுக்கு முதல் ஸ்கேன், அடுத்த ஸ்கேன் இரண்டுமே அந்தப் பதினான்கு மாதத்துக்குள் வந்ததால் ஏற்ற இறக்கம் மாறவில்லை. மூன்று பேர் விஷயத்தில்தான் எனக்கு உயிர் போயிற்று. அவர்களுக்கு முதல் ஸ்கேன் மெஷின் சரியாக இருந்தபோது, அடுத்தது தப்பாக இருந்தபோது. மருந்து பிடிக்காமலே பிடித்ததாகக் காட்டியிருக்கும். இரண்டு பேருக்குக் கட்டியை எடுத்தாயிற்று, நலமாக இருக்கிறார்கள். மூன்றாமவர் கோவில்பட்டிக்காரர். அவரை நேரில் வரச் சொல்லிப் பார்த்ததில் கட்டி நன்றாகவே கரைந்திருக்கிறது. அவர் கொண்டுவந்த கடலைமிட்டாயை எனக்கும் ஒன்று கொடுத்தார். நடந்ததைச் சொன்ன பிறகும் இன்னொன்று கொடுத்தார்.

சாரல் தொடங்கிவிட்டது. துணி காய்வதில்லை. ஆனாலும் இந்தக் காற்றுக்கு எதையும் மன்னிக்கலாம்.

ஜூலை 10, திங்கள்

பூஜ்ஜியம். நூற்றொன்பது. எழுதினேன். கோடு இப்போது கொஞ்சம் மேலும் கீழுமாகப் போகிறது. நேரான கோட்டை விட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது, மங்கையிடம் சொன்னால் சிரிப்பாள்.

ஆகஸ்ட் 28, திங்கள்

ரஞ்சிதம் டீச்சர் எட்டு மணிக்கு வந்தார். தலையில் துணி இல்லை, சின்னதாக முடி முளைத்திருக்கிறது. ஜூனுக்குப் பிறகு மருந்து ஏற்ற வரும்போதெல்லாம் வராந்தாவில் என்னைப் பார்ப்பார், ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். இன்றும் அப்படியே. துணி மாற்றினார், படுத்தார், காதுக்குப் பஞ்சு கொடுத்தேன், கையில் அழைப்பு மணி கொடுத்தேன்.

இந்தப் பக்கம் கண்ணாடிக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் ஹெப்சிபாவும் வந்து நின்றுகொண்டார். படம் வர ஆரம்பித்தது. ஏப்ரலில் எலுமிச்சை அளவுக்கு இருந்த கட்டியைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. ஓரத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு மிச்சம். எண் நூற்று நாற்பத்தொன்று. டாக்டர் இரண்டு முறை அளந்தார், நான் மூன்றாவது முறை அளக்கச் சொன்னேன். கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்றார். சாயங்காலம் ரிப்போர்ட் எழுதிய பின் அவரே டீச்சரிடம் சொல்வார். ஸ்கேன் எடுப்பவர்கள் நோயாளியிடம் முடிவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, அது சட்டம். பத்தொன்பது வருஷத்தில் நான் அதை மீறியதில்லை, இன்றும் மீறவில்லை.

வாயை இறுக்கி மூடிக்கொண்டு உள்ளே போனேன். அவர் படுத்திருந்த மேசையை வெளியே இழுத்தேன். பஞ்சை எடுத்தேன். கை கொடுத்து உட்கார வைத்தேன். டீச்சர் என் முகத்தையே பார்த்தார். நான் தரையில் அவருடைய செருப்பைத் தேடினேன். செருப்பு கண் முன்னாலேயே கிடந்தது.

"பிரமு, இங்க பாருங்க" என்றார்.

பார்த்தேன். என்ன செய்தும் முடியவில்லை, உதடு சிரிப்பாகத் தன்னால் இழுத்துக்கொண்டு போயிற்று.

டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வர வர, தோள் குலுங்கச் சிரித்தார்.

"இந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு பதினாலு மாசம் எப்படித்தான் ஒளிச்சீங்களோ" என்றார்.

செருப்பை எடுத்து அவர் காலடியில் வைத்தேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.